பின்னால் வந்த மொபெட்

வரலாறு டீச்சரின் கழுத்தில் எப்போதும் இரண்டு தொங்கும். ஒன்று பள்ளிக்கூட அடையாள அட்டை. இன்னொன்று போன். டெய்லரிடம் சொல்லித் தைத்த ஒரு துணி உறைக்குள் அது இருக்கும். கேமரா மட்டும் வெளியே பார்க்கிற மாதிரி அதில் ஓர் ஓட்டை. இயர்போனை ஒரு காதில்தான் மாட்டுவார். இன்னொரு காது ரோட்டுக்கு என்பார். அந்தப் போன் அவருக்குப் படித்துச் சொல்கிற வேகம் வேறு யாருக்கும் பிடிபடாது. ஒருமுறை இயர்போனை என்னிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். கடலை வறுக்கும் சத்தம்தான் எனக்குக் கேட்டது. ஊர்ப் பெயர்களை அது படுத்துகிற பாட்டைச் சொல்லி மாளாது. கருமத்தம்பட்டியை அது உச்சரித்ததைக் கேட்டு ஸ்டாஃப் ரூமே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. டீச்சர் மட்டும் சிரிக்காமல், "அது பாவம், வெளியூருங்க" என்பார்.

நானும் ஒரு டீச்சராகச் சோமனூர் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது அவருக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. முப்பது வயதுக்கு மேல் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து அந்த அளவுக்குப் போய்விட்டது. கருமத்தம்பட்டியில் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணனுக்குத் தறிக்குடோன் இருந்தது, நல்ல வசதி. காலையில் அண்ணன் காரில் கொண்டுவந்து விடுவார், மாலையில் வந்து கூட்டிப்போவார். அண்ணனுக்கு லோடு ஏற்றும் வேலை இருந்தால் டீச்சர் தாமதமாக வருவார். அண்ணனுக்கு ஒரு கல்யாணம் காதுகுத்து என்றால் டீச்சருக்கு லீவு. வருடம் முழுவதும் அவருடைய லீவெல்லாம் இப்படி மற்றவர்கள் வீட்டு விசேஷத்துக்கே கரைந்துபோகும். தனக்குக் காய்ச்சல் வந்தபோது எடுக்க லீவு இல்லாமல் வந்து பாடம் நடத்தியிருக்கிறார்.

ஒரு கோடை விடுமுறையில் கோவைக்குப் போய்க் கோல் பிடித்து நடக்கவும், வழி சொல்லும் ஆப்பைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டு வந்தார். அதற்கே வீட்டில் பெரிய ரகளை. "கோலப் புடிச்சுட்டு ரோட்டுல போனா, நாங்க கவனிக்கறதில்லைன்னு ஊரு பேசாதுங்களா?" என்று அண்ணி கேட்டாராம். கண் தெரியாதது அவர்களுக்குப் பிரச்சினையாக இல்லை. அது ரோட்டில் தெரிவதுதான் பிரச்சினை. டீச்சர் மசியவில்லை. பள்ளி திறந்த அன்று தனியாக வீட்டை விட்டு இறங்கி, நடந்து, பஸ் ஏறி, சோமனூரில் இறங்கி, மறுபடி நடந்து பள்ளிக்கூட கேட்டுக்கு வந்து சேர்ந்தார். யாரோ ரோட்டோரம் நிறுத்தியிருந்த பைக்கின் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டதில் காலில் சிராய்ப்பு. புடவை முழுக்க வியர்வை. "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்னு போனு சொல்லுச்சுங்க டீச்சர். ஆமா சாமி, வந்துட்டேன்னு சொன்னேன்" என்றார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்பு அவரிடம் பார்த்ததே இல்லை.

போன் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எந்த முக்கில் திரும்ப வேண்டும் என்று சொல்லும், கேமராவை நீட்டினால் பஸ் போர்டைப் படிக்கும். சாக்கடை மூடி உடைந்து கிடப்பதையும், கடைக்காரர் சரக்கு மூட்டையை நடைபாதையில் இறக்கி வைத்திருப்பதையும் அது சொல்லாது, அதற்குத்தான் கோல். இது இரண்டையும் வைத்துச் சமாளித்துவிட்டார். சமாளிக்க முடியாமல் போனது நம் ஆட்களின் நல்ல மனசைத்தான். எனக்கு இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வார்த்தை கேட்காமல் கையைப் பிடித்து இழுப்பார்கள். போன் இடது பக்கம் திரும்பச் சொல்லும்போது ஒரு பெரியவர் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போவார். அவராகவே ஒரு பஸ்ஸைத் தீர்மானித்து அதில் ஏற்றியும் விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பிய டீச்சர் அப்படித்தான் அவிநாசிக்குப் போய்ச் சேர்ந்தார். பேக்கரியில் இரண்டு பேரும் டீ குடிக்க உட்கார்ந்தால், பையன் என்னைப் பார்த்து, "அவங்களுக்குச் சக்கரை போடலாங்களா?" என்று கேட்பான். "அவங்களுக்கு வாய் இருக்குது, அவங்களையே கேளு" என்று நான் எரிந்து விழுவேன். டீச்சர்தான் என்னை அடக்குவார்.

அந்த நடையின் மேல் அவருக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மழைக்காலத்தில் குழாய் பதிக்கிறோம் என்று பள்ளிக்கூட ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு எத்தனையோ நாள் மூடாமல் விட்டார்கள். போன் பழைய வழியையே சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சர் ரயில்வே கேட் பக்கமாகச் சுற்றி ஒரு புது வழி கண்டுபிடித்து, அதைப் போனிலும் குறித்து வைத்துக்கொண்டார். அந்த மாதம் ஸ்டாஃப் ரூமில் அவர் விட்ட அளப்பு இருக்கிறதே! நாடு பிடித்த ராஜாக்கள் கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

பிறகு பதவி உயர்வுப் பட்டியலில் டீச்சர் பெயர் வந்தது. தலைமையாசிரியர் பதவி. கலந்தாய்வில் வெள்ளகோவில் பக்கம் ஒரு பள்ளி கிடைக்கும் போலிருந்தது. அங்கேயே ஒரு வீடு பார்த்துத் தங்கிக்கொள்கிறேன் என்றார். வீட்டில் கொதித்துப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனிடம் பேசலாம் என்று நானும் போயிருந்தேன். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதானாலும் "ங்க" போட்டு, இலை போட்டு, ரசம் ஊற்றித்தான் அறுப்பார்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அண்ணன் பேச்சை எடுத்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. தனியாப் போறேன் தனியாப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. இத்தன நாளா இது தனியாவா போச்சு? நம்ம குடோன் ஆளு தெனமும் மொபெட்டுல பின்னாலயே போறானுங்க. பஸ் ஏறுனா பஸ் பின்னால போவான். பள்ளிக்கூட கேட்டுக்குள்ள நொழைஞ்சப்பறம்தான் திரும்பி வருவான். வெள்ளகோவில்ல யாருங்க அப்படிப் பாத்துக்குவாங்க?"

டீச்சர் சாப்பிட்ட இலையை மடித்துக்கொண்டிருந்தார். பாதி மடித்த இலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எப்ப இருந்துங்கண்ணா?"

"மொத நாளுல இருந்தே அம்மணி. உனக்குச் சங்கடமாயிருக்கும்னு சொல்லல. பேக்கரிக்காரருக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும். எல்லாரும் ஒரு கண்ணு வெச்சுக்குவாங்க."

அதாவது, ஊருக்கே தெரிந்திருந்தது. டீச்சருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. அண்ணனின் முகத்தில் குற்ற உணர்வு துளிகூட இல்லை. தங்கைக்கு எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறோம் என்ற பெருமைதான் இருந்தது. அந்த மனிதர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பேன். அந்தப் பாசத்தின் முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன் என்பதில் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மறுநாள் டீச்சர் காரில் வந்து இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை மட்டும் இருந்தது. போன் கைப்பைக்குள் போயிருந்தது. மதியம் யாரும் இல்லாத நேரத்தில் என்னிடம் சொன்னார். "அந்த ரோட்டுல நான் அழுதிருக்கேனுங்க டீச்சர். பாட்டுப் பாடிட்டுப் போயிருக்கேன். ஒருநாள் போனக் கூட அண்ணியாட்டம் நெனச்சுட்டு வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டே போனேன். ஊட்டுல கதவச் சாத்தினாக் கூட யாராவது தட்டுவாங்க. ரோட்டுலதான் எனக்குன்னு ஒரு நேரம் இருந்துச்சு. அதையும் ஒருத்தன் பின்னால இருந்து பாத்துட்டே வந்திருக்கறான்."  பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். தன்னால் முடிகிறது என்று நம்பித்தான் கேட்டதாகவும், அந்த நம்பிக்கையே பொய் என்றால் வெள்ளகோவிலில் போய் எதை நம்பி இறங்குவது என்றும் கேட்டார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த மொபெட்காரரைத் தேடிப் போனேன். பேக்கரி வாசலில்தான் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். நான் யார் என்று சொன்னதுமே தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர்மேல் இருந்த கோபத்தோடுதான் கேட்டேன்: "எத்தன தடவை டீச்சரப் புடிச்சு நிறுத்தினீங்க? எத்தன தடவை வழி சொன்னீங்க?"

"ஐயோ, ஒருக்காக் கூட இல்லீங்க. அவங்க பாட்டுக்குப் போயிருவாங்க. நானு சும்மா வண்டிய உருட்டிட்டு வருவனுங்க. ஒருக்கா லாரிக்குக் குறுக்கால போயிருவாங்களோன்னு நான்தான் பயந்து ஆரன் அடிச்சுப்போட்டேன். அவங்க அதுக்கு முன்னாலயே நின்னுட்டாங்க."

நான் விடவில்லை. ஒருநாளும் தவறியதில்லையா என்று கேட்டேன். அவர் பேக்கரிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. ரோட்டத் தோண்டிப் போட்டிருந்தாங்கல்லங்க, அந்த மாசம் ஊட்டுக்காரிக்கு ஆபரேசனுங்க. காலையில ஆசுபத்திரிக்குப் போயிருவேன். அந்த மாசம் பூராவும் நான் பின்னால போகவே இல்லீங்க. சொன்னா வேலைய உட்டு நிறுத்திப்போடுவாருன்னு சொல்லல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தோண்டிப் போட்ட ரோட்டில், போன் தப்பான வழியைச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், பின்னால் ஒரு ஈ காக்கை கூட இல்லாமல் அவர் நடந்திருக்கிறார். நேராகப் பள்ளிக்கு வந்தேன். கடைசி மணி அடித்து எல்லாரும் போயிருந்தார்கள். டீச்சர் அண்ணனின் காருக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசு கொடுப்பதாக நினைப்பு எனக்கு.

அவர் முகம் சிவந்து போனது. டீச்சர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அன்று கேட்டேன்.

"அப்ப அவன் வராத மாசம் நடந்ததுதான் நடையா? மத்த மாசமெல்லாம் நான் நடக்கலையா? எங்காலுல நான் நடந்ததுக்கு, கண்ணு இருக்கற ஒருத்தன் வந்து இல்லைன்னா இல்லை, ஆமான்னா ஆமா. நீங்களும் போயி அவனத்தான விசாரிச்சுட்டு வந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா டீச்சர்?"

 எனக்குக் கோபம்தான் வந்தது, ஓடியோடி நல்லது செய்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று. வீட்டுக்குப் போய் இரவுச் சமையல் செய்யும்போதுதான் உறைத்தது: அண்ணனும் அன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து இதையேதான் நினைத்திருப்பார். டீச்சருக்கும் எங்கேயோ உறைத்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் சான்று சொன்னால்தான் தன் நடை நடையாகும் என்று இரண்டு நாளாகத் தானும் நம்பிவிட்டதை நினைத்துத்தான் அவ்வளவு கோபப்பட்டாரோ என்னவோ. அடுத்த நாள் பஸ்ஸில் வந்தார். எழுதிக் கொடுக்கப் போவதில்லை என்றார். கலந்தாய்வில் வெள்ளகோவில் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார். தான் இருக்கும் இடம் அண்ணன் போனில் தெரியும்படி வீட்டில் யாரோ செய்து வைத்திருந்ததையும் கண்டுபிடித்து நிறுத்தினார். "எம்மேல பழி வரக்கூடாது, அவ்வளவுதான்" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வெள்ளகோவிலுக்குப் போய் இப்போது காலம் ஓடிவிட்டது. பள்ளியை நன்றாக நடத்துகிறார். ஊரில் கல்யாணங்களில் அண்ணனைப் பார்த்தால், "அன்னைக்கு நாங்க அப்படிப் பாத்துக்கிட்டதாலதானுங்க இன்னைக்கு அது தைரியமா இருக்குது" என்கிறார். சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நான் இலையை விட்டு எழுந்து போய்விடுவேன்.

டீச்சர் வெள்ளகோவிலில் சேரக் கிளம்பிய அன்று காலை, கருமத்தம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு நான் போயிருந்தேன். திருப்பூர் போய் மாற வேண்டும். பெரிய பை ஒன்று என் கையில் இருந்தது; அவரிடம் கோல், கழுத்தில் போன். கூட வருகிறேன் என்று நான் சொல்வதற்கு முன்பே கையை நீட்டி, "பையைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, "நீங்க கெளம்புங்க டீச்சர்" என்றார்.

"பஸ் வரட்டுங்க. ஏறினதும் போறேன்."

"பஸ் வந்தா போனு சொல்லும். நீங்க நின்னு பாத்துட்டு இருந்தா, உங்களுக்கும் அந்த மொபெட்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். போய் ஸ்கூட்டியில் உட்கார்ந்தேன். ரோட்டில் லாரிகள் விரைந்துகொண்டிருந்தன. வண்டிக் கண்ணாடியில் நிறுத்தம் முழுசாகத் தெரிந்தது; கோலை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார், பையைச் சுமக்கிறேன் என்று ஓர் ஆள் அதற்குள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். இறங்கி ஓடத்தான் தோன்றியது. கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.