உப்புத் தண்ணீர் ஏறிய கொல்லை

காய்ச்சல் இறங்கிய அன்று காலையில் என் மனைவி கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கால் மரத்துப் போயிருக்கும் என்று நினைத்து நான் தேய்த்துவிட்டேன். "தேய்க்கிறது தெரியவே இல்லீங்க" என்றாள்.

அப்போது நாங்கள் பினாங்கில் ஜெலுத்தோங் பக்கம், கடலுக்கு ரொம்பக் கிட்டே ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பிள்ளைகள் இல்லை. டாக்டர் வந்து முழங்காலைத் தட்டினார், பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்தார், "பார்க்கலாம்" என்றார். அடுத்த தடவையும் அதையேதான் சொன்னார். மாதா கோயிலில் பூசைக்குக் கொடுத்தோம். யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் வாங்கித் தடவினோம். கடைசியில் தைப்பிங்கிலிருந்து அவளுடைய அக்கா ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். புருஷனை இழந்தவர், எங்களைவிட வயதில் ரொம்ப மூத்தவர். தங்கையைத் தூக்கி உட்கார வைப்பது, உடம்பு துடைப்பது, சமையல் எல்லாம் அவர் கைக்குப் போயிற்று. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். வெளியே கொல்லை. காய்ச்சலுக்கு முன்னால் அது முழுக்க அவளுடைய இடம். காசித்தும்பை, கோழிக்கொண்டை, துலுக்கச் செவ்வந்தி என்று விதை போடுவாள். பூத்து ஓய்ந்ததும் பிடுங்கிவிட்டு மறுபடி போடுவாள். நான் அந்தப் பக்கம் பல் விளக்கப் போவதோடு சரி. அவள் படுத்ததும் எல்லாம் காய்ந்து குச்சியாய் நின்றன.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது சொன்னாள்: "ஏங்க, இனிமே விதை போட்டுப் பிடுங்குற செடியெல்லாம் வேணாம். ஒரு தடவை வச்சா அதுபாட்டுக்கு வருஷக்கணக்கா நிக்கணும். மேல காஞ்சாலும் அடியிலேர்ந்து மறுபடி துளிர்க்கணும். அந்த மாதிரியாப் பாத்து வச்சிடுங்க."

"எனக்கு என்ன தெரியும்? மண்வெட்டியக்கூடப் புடிச்சதில்ல."

"நான் சொல்றேன். நீங்க வையுங்க."

அதற்கப்புறம் பல சாயங்காலங்கள் எங்கள் பேச்சே அதுதான். கால்களைப் பற்றிப் பேசாமல் இருக்க எங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்திருந்தது. வேலியோரம் கல்வாழை, வெட்ட வெட்டக் கிழங்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். கிணற்றடியில் எலுமிச்சைப்புல், இங்கே எல்லோரும் செராய் என்பார்களே, அது. நடுத்தரையில் மாட்டுப்புல், பாய் விரித்ததுபோல் தரையோடு படரும். ஜன்னலுக்கு நேர் எதிரே குளியலறைச் சுவர் இருந்தது, வெயிலே படாது. அதன் அடியில் பெரணி வேண்டும் என்றாள்.

"அந்தச் சுவத்தையே பாத்துட்டுக் கிடக்கேன். அங்க பச்சையா ஏதாவது இருக்கட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிராம் ஏறி ஆயர் ஈத்தாம் போனேன். அங்கே மலையடிவாரத்தில் ஒரு சீனர் செடி வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார். மலாயில் பெரணிக்கும் ஆணிக்கும் ஒரே பேர், பாக்கு. நான் பாக்கு வேண்டும் என்றதும் என் கோட்டையும் சப்பாத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆணிக் கடை டவுனில் இருக்கிறது என்று டிராம் வந்த திசையைக் காட்டினார். பிறகு நான் இலை மாதிரி கையை விரித்து ஆட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. அவர் வீட்டு ஆட்களெல்லாம் வெளியே வந்து சிரித்தார்கள்.

"இது தாங்குமா?" என்று ஒவ்வொரு செடியையும் காட்டிக் கேட்டேன்.

"தாஹான் லா, தாஹான்!" தாங்கும், தாங்கும் என்று எல்லாவற்றுக்கும் அதே பதில். எங்கள் வீடு கடலோரம் என்றேன். அதற்கும் தாஹான்தான்.

கல்வாழைக் கிழங்கு, செராய்க் கட்டு, சாக்கில் சுருட்டிய புல் பத்தைகள், இரண்டு வகைப் பெரணி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்று வெயில் தாழும்வரை நான் குழி வெட்ட, அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து உத்தரவு போட்டாள். "ஆழம் பத்தாது." "அந்தக் கிழங்கு தலைகீழா இருக்குங்க." அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

முதலில் பெரணி போயிற்று. இலை ஓரம் கருகி, தீயில் காட்டினதுபோல் உள்ளே சுருண்டது. தண்ணீர் போதவில்லையோ என்று கிணற்றிலிருந்து இன்னும் இறைத்து ஊற்றினேன். இன்னும் கருகிற்று. மழை இல்லாத மாசம். ஒருநாள் அக்கா கிணற்றுத் தண்ணீரைக் கையில் எடுத்து வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். "தம்பி, இது கரிக்குது. கடல் உள்ள வந்துடுச்சு." அதிலிருந்து தெருக்குழாயில் வாளி வாளியாகப் பிடித்து வந்து ஊற்றினேன். ஒரு பெரணி நடுவில் சின்னதாக ஒரு சுருளை விட்டது. என் மனைவி காலையில் கண் விழித்ததும் அதைத்தான் தேடுவாள். "விரியுதா?" என்று கேட்பாள். நான் போய்ப் பார்த்து, "விரியும்" என்பேன்.

அதற்கடுத்த பௌர்ணமியில் கடல் ஏறியது.

எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் லோங்காங்கில், அதாவது தெருச் சாக்கடையில், தண்ணீர் எதிர்த்து ஓடும். வாசல்வரை வந்து திரும்பிவிடும். அந்தத் தடவை பகல் வேளையில், நான் வீட்டில் இருக்கும்போதே, வேலிக்கு அடியில் பளபளவென்று வந்தது. நானும் அக்காவும் அரிசிச் சாக்குகளில் மண் வாரிப் போட்டு லோங்காங் வாயை அடைத்தோம். நின்றுவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தால், கொல்லையின் நடுவில், புல்லுக்குள்ளிருந்தே தண்ணீர் கசிந்து மேலே வந்துகொண்டிருந்தது. அதை எதை வைத்து அடைப்பது? இன்னும் மண் வாரினேன். எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கல்வாழை முழங்கால் தண்ணீரில் நின்றது. பெரணி கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜன்னலில் அவள் முகம். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போதும், வாங்க" என்றாள். "உங்க காலு நனையுது."

நான் உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருவரும் தண்ணீர் ஏறுவதையும் பிறகு இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கின பிறகு மண்மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியது. வாரம் திரும்புவதற்குள் புல் வைக்கோல் நிறமாயிற்று. செராய் அடியில் அழுகியது. கல்வாழைக் கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன், விரலில் பிசுபிசுத்தது.

ஒன்று மட்டும் நின்றது. அது நாங்கள் வைத்ததே அல்ல. அடுப்பங்கரைப் படிக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில், கொஞ்சம் மேடான இடத்தில், நித்தியகல்யாணி ஒன்று தானாக முளைத்து ஊதாப் பூவாகப் பூத்துக் குலுங்கியது. ஜன்னலில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தெரியும். அவள் தினமும் எட்டிப் பார்த்தாள். "இதுக்கு யாரும் ஒண்ணும் செய்யல பாருங்க" என்று சொல்வாள்.

கோயிலில் பழக்கமான ஒரு அம்மாள் நோயாளியைப் பார்க்க வந்தார். போகும்போது படிக்கட்டில் நின்று அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "சுடுகாட்டு மல்லியில்ல இது? கல்லறையில வைக்கிறத, படுத்துக் கிடக்கிற பிள்ள கண்ணு முன்னால வச்சிருக்கீங்களே!"

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது படிக்கல் ஓரம் வெறும் குழி. செடி வேர் அறுந்து வேலிக்கு அப்பால் கிடந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"என்னைத் திட்டுங்க தம்பி. அந்தம்மா சொன்னதுலேர்ந்து எனக்கு அதைப் பாக்கவே பயமா இருக்கு. இவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் எங்க போவேன்?"

முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அந்தக் கைகள்தான் காலையில் என் மனைவியைத் தூக்கித் துடைத்து, தலை சீவி, கஞ்சி ஊட்டியவை. உள்ளே போனேன். என் மனைவி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, உள்சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். இடுப்பைத் திருப்ப அவளால் தனியாக முடியாது. அக்காதான் திருப்பி விட்டிருக்க வேண்டும்.

"வேற வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

"வேணாங்க."

"மலைப் பக்கத்துலேர்ந்து..."

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. பயந்துட்டாங்க." சுவரைப் பார்த்தபடியே, "உயிரோட இருந்தது அது ஒண்ணுதான்" என்றாள். அப்புறம் கொல்லையைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் எடுக்கவில்லை. ஜன்னலை மூடச் சொல்வாள் என்று பயந்துகொண்டிருந்தேன், அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் கிடங்கில் ஆள் குறைத்தார்கள். எனக்குக் கடல் தாண்டி அக்கரையில், சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் வேலை கிடைத்தது. அவளை நாற்காலியோடு தூக்கிப் படகில் ஏற்றினோம், பிறகு மாட்டு வண்டியில் மெத்தை போட்டுக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அக்கா குடை பிடித்துக்கொண்டே வந்தார். டாக்டர் சொன்ன "பார்க்கலாம்" அப்போதும் எங்களிடம் இருந்தது, வேறு எதுவும் இல்லை.

புது வீட்டில் கட்டிலை எங்கே போடுவது என்று நானும் அக்காவும் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க மண்ணு எப்படி இருக்கு?"

வெளியே போய் ஒரு பிடி அள்ளி வந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். செக்கச் சிவந்த மண், கொஞ்சம் ஈரம். அவள் விரலால் நசுக்கினாள், மோந்து பார்த்தாள். நல்ல மண்ணா, கெட்ட மண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.