அக்கினி மூலையில் ஐந்து பெட்டிகள்

வேலணையில் பஸ் ஓடும் வீதிக்கரையில் புதிதாக எழும்பிய கலியாண மண்டபத்தில், ஒரு பானை சோறு வடிப்பதற்கு முன்பே நான் சண்டை பிடித்துவிட்டேன். சண்டை சம்பளத்துக்காக அல்ல. மண்டபத்துக்குள் இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளும் ஐந்து ஏசிப் பெட்டிகளை எங்கே பூட்டுவது என்பதற்காக. சமையல்காரிக்கு இதில் என்ன வேலை என்று அப்போது பலபேர் கேட்டார்கள். இப்போதும் கேட்கிறார்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு, அதை நான் மறுப்பதில்லை.

நாங்கள் நாலு பெண்கள். தீவுப்பகுதியில் கலியாணம், பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு என்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். இந்த மண்டபத்துக்கு நிரந்தரமாகச் சமைக்க ஒத்துக்கொண்டிருந்தோம். முதலாளியின் தகப்பன் தென்பகுதி நகரமொன்றில் கடை வைத்திருந்தவர். மகனான இந்த முதலாளி இருப்பது சுவிஸில். மார்கழி லீவில் வந்து, இரண்டு கிழமை நின்று, மண்டபத்தின் எந்த மூலையில் எது வரவேண்டும் என்று வரைபடத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார். மனையடி பார்க்கும் சாத்திரியாரைக் கேட்டுச் சமையற்கட்டான குசினியைத் தென்கிழக்கில், அக்கினி மூலையில் வைத்தார். அதில் எனக்குக் குறையில்லை. ஏசிப் பெட்டிகளும் சூட்டுச் சாமான்தானே என்று அவற்றையும் அதே மூலைக்கு அனுப்பினாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது.

குசினிக்குத் தெற்குப் பக்கம் மட்டும்தான் திறப்பு. இடுப்பளவு சுவர், அதற்கு மேலே வெளி. வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று அந்த வழியாகத்தான் வரும். கலியாணங்கள் குவிகிற காலமும் கிட்டத்தட்ட அதுதான். மார்கழியில் வந்து நின்ற மனிதருக்கு வாடைக்காற்று மட்டும்தான் தெரியும். அது வடகிழக்கிலிருந்து வருவது. கட்டிடமே அதை மறித்துவிடும். ஆகவே அந்த மூலையில் நின்று பார்த்து, இங்கே காற்றே வருவதில்லை, பெட்டிகளை வைத்தால் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்று முடிவெடுத்துவிட்டார். லீவில் வருகிறவர்கள் ஊரை இப்படித்தான் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்த மாதம்தான் வருடம் முழுவதும்.

ஏசி பூட்டுகிறவர் ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆள், பொறுமையான மனிதர். அரைச்சுவரின் மேல் இரும்புச் சட்டம் வைக்க அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இதிலை வைச்சா எங்களுக்குக் காத்து எங்காலை வாறது?"

"எனக்கும் விளங்குது அக்கா. பெட்டி முதுகாலை காத்தை இழுத்து, முகத்தாலை சூட்டைத் தள்ளும். முதுகு உங்கடை பக்கம் இருக்கிறதாலை உங்கடை புகையைத்தான் இழுக்கும். முன்னாலை தள்ளுற சூட்டைச் சோழகம் திருப்பி உள்ளுக்கை கொண்டுவரும். ஆனா முதலாளி அண்ணை படத்திலை கீறித் தந்த இடத்திலைதான் நான் பூட்டவேணும்."

"நீங்கள் அவருக்குச் சொல்லேலாதோ?"

"சொன்னனான். பூட்டுற வேலையை மட்டும் பாக்கட்டாம்."

என் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்களில் ஒருத்தி என் மச்சாள். முந்தின வருடம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மண்டபத்தில் சமைத்தபோது இதேபோல் எங்கள் முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் ஓடின. சோறு கொதித்த பெரிய கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றவள் சத்தமில்லாமல் சரிந்து விழுந்தாள். ஒரு அடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் கொதிக்கிற கஞ்சிக்குள். உள்ளே அதே நேரம் மாப்பிள்ளை வீட்டார் குளிருது என்று சால்வையால் போர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேலிருந்து எடுத்த சூடுதான் எங்கள் தலையில் கொட்டியது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று பின்னேரமே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தேன்.

"தம்பி, அந்தப் பெட்டியளைக் குசினி வாயிலை வைக்கேலாது. நாங்கள் நிண்டு வேலை செய்யேலாது."

"அக்கா, அது அக்கினி மூலை. சாத்திரப்படி சூட்டுச் சாமான் அதிலைதான் வரவேணும்."

"சாத்திரம் எனக்கும் கொஞ்சம் தெரியும். காத்தைத் தள்ளுற சாமானை வாயு மூலையிலை, வடமேற்கிலை வைக்கலாம்தானே. வடக்குச் சுவரிலை சோழகமும் அடிக்காது, பெட்டியைத் தின்னுற கடலுப்பும் குறைவு."

பிறகு உண்மை வெளியே வந்தது. "அங்கை பொம்பிளை மாப்பிள்ளை போட்டோ எடுக்கிற இடம் வருதக்கா. வளைவு, பூக்கண்டு எல்லாம் வைக்கிறம். பெட்டி தெரிஞ்சா வடிவில்லை."

அப்படியென்றால் சாத்திரம் அல்ல, வடிவுதான் காரணம். எனக்கு வந்த கோபத்தில் போனை அடுப்புக்குள் போட்டிருப்பேன். அது என் மகளின் போன். சரிவராவிட்டால் நாங்கள் சமைக்க வரமாட்டோம் என்றேன். டவுனில் கேட்டரிங் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்றார் அவர். "கூப்பிடுங்கோ. அவையளும் மனிசர்தான், அவையளும் இதைத்தான் சொல்லுவினம்" என்று வைத்துவிட்டேன்.

பெட்டிகள் அங்கேயே ஏறின. மூன்று மேலே, இரண்டு கீழே. குசினி பெட்டகம்போல் இருண்டது.

ஆனி மாதம் முதலாளி குடும்பத்தோடு வந்தார். திறப்பு விழாவுக்கு முன் மண்டபத்தைச் சோதித்துப் பார்க்க, சொந்தக்காரர் ஐம்பது பேருக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு. டவுன் ஆட்கள் ஏனோ வரவில்லை, எங்களைத்தான் கூப்பிட்டார்கள். ஐம்பது பேருக்கு ஒரு அடுப்பு போதும், காஸை வீணாக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஆறு அடுப்பையும் மூட்டினேன்.

கலியாணத்தன்று ஆறும்தான் எரியும். சோதனை என்றால் முழுச் சோதனையாக இருக்கட்டும் என்றேன். சோற்றுக்கு ஒன்று, கறிகளுக்கு இரண்டு, அப்பளம் பொரிக்க ஒன்று, மற்ற இரண்டிலும் கிடாரம் நிறையத் தண்ணீர். மச்சாளை உள்ளே கால் வைக்க விடவில்லை. கிணற்றடியில் வாழைக்காய் வெட்ட இருத்தினேன். மற்ற இருவரையும் மாறி மாறி வெளியே அனுப்பினேன். நான் நின்றேன். சேலை முதுகோடு ஒட்டியது, கண் எரிந்தது, காது அடைத்தது. வெளியே சோழகம் தென்னையை முறிக்கிற வேகத்தில் அடித்தது. அதில் ஒரு துளி எனக்கு வரவில்லை, வந்ததெல்லாம் அந்தப் பெட்டிகளின் சூட்டு மூச்சு.

முதல் பெட்டி பன்னிரண்டு மணிக்கு முன்னமே நின்றது. பிறகு இன்னொன்று. அப்பளம் பொரித்து முடிக்க ஐந்தும் அடங்கிவிட்டன. மண்டபத்துக்குள் சனம் சேலைத் தலைப்பால் விசிறத் தொடங்கியது. ஏசிக்காரர் ஓடிவந்து ஒரு பெட்டியின் முதுகில் கை வைத்து, உடனே இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலாளியிடம் போனார்.

சாப்பாடு முடிந்தபிறகு முதலாளி குசினிக்கு வந்தார். வாசலைத் தாண்டவில்லை. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து புகார் ஏறிப்போக, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, வடக்குச் சுவருக்கு மாத்தச் சொல்லிப்போட்டன். இந்தச் சூட்டிலை மெசின் நிண்டுபிடிக்காதாம்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோசம் வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது.

"மெசினுக்கு ஏலாது எண்டதும் உடனை மாத்துறியள். எங்களுக்கு ஏலாது எண்டு சொன்னனான்தானே. அப்ப ஏன் மாத்தேல்லை?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. கேள்வியை உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டு மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"இல்லையக்கா, நீங்கள் அடுப்படியிலை பழகின ஆக்கள்தானே."

"பழகேல்லை தம்பி" என்றேன். "இத்தினை வருசத்திலை ஒரு நாளும் பழகேல்லை. வாயை மூடிக்கொண்டு நிண்டனாங்கள், அவ்வளவுதான். இனி அப்பிடி நிக்கமாட்டம்."