எண்பத்து நாலு பேரும் ஆறு திருகாணியும்

பழைய கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனிடம் ஆள் வருவதே அபூர்வம் என்பதால், அன்று யார் யார் இருந்தார்கள் என்று என்னால் பிசகாமல் சொல்ல முடியும். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் என் வீட்டு முன்னறையில் நான், என் மனைவி சரசு, சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வந்த கல்யாணத் தரகர் மாடசாமி என மூன்று பேர். மாடசாமி கொண்டுவந்த, பெயரும் போன் நம்பரும் பதிந்துவைக்கும் டிஜிட்டல் டைரிக்குள் பெண் வீடும் மாப்பிள்ளை வீடுமாக எண்பத்து நாலு பேர். மொத்தம் எண்பத்தேழு. ஓடிக்கொண்டிருந்த சாமானைத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் விழித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு நடந்தது உங்களுக்கு ஆச்சரியமாக இராது.

மிக்சியில் கல்

மாடசாமிக்கு முதலில் என் சேகரிப்பைக் காட்டினேன். டிவியோடு சேர்க்கிற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பதினொன்று, ஓடுபவை நாலு. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது தெரியாமலிருக்க, ஆள் வந்தால் ஒன்றை ஓட்டிக் காட்டுவது என் வழக்கம். இவற்றுக்குப் புரோகிராம் ஏற்றுவது கேசட்டிலிருந்து. டேப்ரிக்கார்டர் ஐந்து நிமிடம் கீச்சுகீச்சென்று கத்தியது. பிறகு திரையில் ஒரு பந்து வந்து, இரண்டு தடவை துள்ளி, அப்படியே நின்றுவிட்டது. மாடசாமி மரியாதைக்குத் தலையாட்டினார். சரசு அடுக்களையிலிருந்து கேட்டாள்: "ஏனுங்க, மிக்சிக்குள்ள கல்லு உழுந்துருச்சா, இல்ல இது உங்க வேலைதானுங்களா?"

மாத்தி வச்சாச்சு

டைரிக்குக் கோளாறு சின்னதுதான். பேட்டரி தீர்ந்துவந்ததால் திரையில் பாதி எழுத்துகள் தெரியவில்லை. தெரிந்ததை வைத்து, கீழ் அம்பை அழுத்தி அழுத்திப் பெயர்களை எண்ணினேன். எண்பத்து நாலு. எண்ணினேன், எழுதிக்கொள்ளவில்லை. "எங்க பக்கம் மழை பெஞ்சா போன் செத்துரும் அண்ணாச்சி. என் பொழப்பு பூரா இதுக்குள்ளதான் கெடக்கு" என்றார் மாடசாமி.

இந்த டைரிகளில் தனி மூடிக்குள் பெரிய பேட்டரி ஒன்று, உள்ளே சின்ன பேட்டரி ஒன்று இருக்கும். ஒன்றை எடுக்கும்போது மற்றது உள்ளே இருக்கவேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் வெளியே வந்தால் பதிந்ததெல்லாம் அழிந்துவிடும். புதிய பெரிய பேட்டரியை அவர் கையில் கொடுத்து, பழையதை எடுத்துவிட்டு இதைப் போடச் சொன்னேன். திருகாணி வைக்கும் டப்பாவை எடுத்துவரப் போனேன். திரும்பி வந்து, ஆயிற்றா என்று கேட்டேன். "மாத்தி வச்சாச்சு" என்றார். நான் ஆறு திருகாணியையும் கழற்றி டைரியைத் திறந்து, அடுத்து மாற்றவேண்டிய சின்ன பேட்டரியை வெளியே எடுத்தேன்.

மாடசாமி முப்பது வருடம் மலையாளிகளோடு பழகியவர். அவர் வாயில் 'மாத்தி வச்சாச்சு' என்றால், மலையாளத்தில் போல, கழற்றித் தனியே வைத்தாயிற்று என்று அர்த்தம். பழசும் புதுசும் அவர் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன. புதியதைப் போடும் வேலையை எனக்கென விட்டுவைத்திருந்தார். அறுபத்தெட்டு வருடம் பாலக்காட்டில் இருக்கும் எனக்கு அந்தப் பேச்சு தெரியாததல்ல. பேட்டரி போட்டு மூடியதும் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. பெயர்கள் பூஜ்யம் என்று காட்டின. மாடசாமி வெகுநேரம் என் டப்பாவையே பார்த்தார். அதில் நான் ஒவ்வொரு திருகாணிக்கும் எண் எழுதிக் கட்டம் போட்டிருந்தேன். "திருகாணி ஆறுக்கும் எடம் இருக்கு அண்ணாச்சி. ஆளுகதான் ஒருத்தரும் இல்ல."

வயது என்ன?

அவருடைய பட்டன் போனில் கடைசியாகப் பேசிய இருபது எண்கள் இருந்தன. ஒரு வீட்டைப் பிடித்தால் அவர்கள் சொந்தத்தில் நாலு வீடு கிடைக்கும். அழித்தவர்தான் கேட்கவேண்டும் என்று சரசு சொல்லிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தச் சொல்லக்கூடக் கூச்சப்பட்டு நனைந்தே வருகிறவன் நான். மாடசாமி மூன்று நாள் எங்களோடு தங்கினார். அவருக்குப் பெயர்கள் ஞாபகம் இல்லை, பலகாரம்தான் ஞாபகம். "கேசரியில முந்திரி போடாத வீடு, அடுத்து அத விசாரிங்க" என்பார்.

முதல் போன் பீர்மேட்டுக்கு. ஓர் அம்மாள் எடுத்தார். தாளில் எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்தேன்: "வணக்கமுங்க. உங்க சொந்தத்துல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கற ஊட்டு நம்பரெல்லாம் வேணுமுங்க."  அவர், "வயசு என்ன?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் வயதைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவேண்டும் என்று, "அறுபத்தெட்டுங்க, ஆவணி வந்தா அறுபத்தொன்பது" என்றேன். அந்த அம்மாள் சொன்னார்: "ஏன்யா, போற வயசுல உமக்குப் பொண்ணு கேக்குதா?"

சரிக்குச் சரி

மூன்றாம் நாள் மாலைக்குள் எழுபத்தேழு பேர் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவரையும் டைரியில் ஏற்றினேன், நோட்டிலும் எழுதினேன். ஏழு பேர் வரவில்லை. இன்னும் ஒரு நாள் இருந்து யோசித்துப் பாருங்கள் என்று மாடசாமியைக் கெஞ்சினேன். அவர் நோட்டை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டியபடி அவர் சொன்னது: "கல்யாணம் முடிஞ்ச கையோட தரகனை மறந்தவுகளா இருக்கும் அண்ணாச்சி. இப்ப நானும் மறந்துட்டேன், சரிக்குச் சரி."

அவருக்குச் சரியாகிவிட்டது, என் கணக்கில்தான் திருகாணி ஆறுக்கு ஆறு வந்தும் ஆள் இன்னும் ஏழு பாக்கி.