சந்தனக் கறை பட்ட ஒயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், பெரும்பாலும் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தைப் பிடுங்குவது. வருடத்துக்கு ஒரு முறை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொல்வார்கள். அன்று மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் நான் விஞ்ஞானி.

அந்த வருடம் பலகையில் மூன்று படம் வரைந்தேன். முதலாவதில் ஒரே நீள ஒயர்; கொடியில் துணி காய்வது போல அதில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். கொடி அறுந்தால் எல்லாத் துணியும் மண்ணில். இரண்டாவது, ஒன்றின் கையை ஒன்று பிடித்த வளையம். மூன்றாவது நட்சத்திரம்: நடுவில் ஸ்விட்ச் என்கிற பெட்டி, எல்லா ஒயரும் அதற்கு வரும், ஒரு ஒயர் போனால் ஒருவருக்குத்தான் கஷ்டம். "நம்ம ஃபேக்டரில இருக்கறது இதுதான். ஆனா இதுல தெரியாம ஒரு வளையம் விழுந்துச்சுன்னா, சேதி சுத்திக்கினே இருக்கும். ஒண்ணு பத்தாகும், பத்து ஆயிரமாகும், கடசில எல்லாமே நின்னுடும்" என்றேன். கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறிய வதந்தி கும்மிடிப்பூண்டி வருவதற்குள் பஸ்ஸை நிறைத்துவிடுவதை உதாரணம் சொன்னேன். சிரித்தார்கள்.

"நம்மகிட்ட அப்டி ஆவுமா சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நான் இருக்கற வரைக்கும் ஆவாது."

வளையத்தைத் தடுக்கும் வசதி அந்த ஸ்விட்சிலேயே உண்டு. இயக்கி வைக்க இரண்டு நிமிடம் போதும். என் நட்சத்திரத்தில் எவன் வளையம் போடப்போகிறான் என்ற திமிரில் அதை நான் தொடவே இல்லை.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. அவரவர் மெஷினை அவரவர் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். என் ஆயுதம் ஸ்விட்ச். அது இருக்கும் சின்ன அறையைக் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பெருக்கிக் கொடுத்தார். பக்கத்து ஆரணியிலிருந்து வருபவர் (பட்டுச்சேலை ஆரணி இல்லை), நீல நிற மேல்கோட்டு. அவர் வாசலைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் ஸ்விட்சுக்குச் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுப் பூஜைக்குப் போனேன்.

கற்பூரம் அணைவதற்குள் எல்லாம் நின்றது. கைரேகை மெஷின், பில், லாரி எடைமேடை. கேட்டிலிருந்து ரோடு வரை லாரிகள் ஹாரன் அடித்தன. பர்சனல் மேனேஜர் ஓடி வந்து, "இன்னாப்பா ஆச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை.

"ரூம் பெருக்கும்போது ஒயர இழுத்திருப்பாங்க சார்."

ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்பார். நான் துடைப்பம் கோணல் என்றேன். அக்காவை அழைத்தார்கள்.

"நான் அந்தப் பொட்டி பக்கமே போல சார். கீழ மட்டும்தான் பெருக்குனேன்" என்றார். என்னை ஒரு முறை பார்த்தார். மேனேஜர் அங்கேயே காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார்.

நான் அறைக்குள் போய் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்பதாவதைப் பிடுங்கியதும் உயிர் வந்தது. அதன் இரண்டு நுனியும் ஒரே ஸ்விட்சில் இருந்தன. அசல் வளையம். கையில் இருந்த நுனியைப் பார்த்தேன். அதன் மேல் ஈரம் காயாத சந்தனம், கட்டைவிரல் ரேகையோடு. போட்டோவில் அசிங்கமாகத் தொங்குகிறதே என்று காலியாக இருந்த துளையில் செருகியது நான்தான்.

வெளியே வந்தால் கைதட்டல். "நீ இல்லன்னா இன்னிக்குப் பெரிய பேஜாராயிருக்கும்பா" என்று பொரிப் பொட்டலத்தை முதலில் எனக்கு நீட்டினார் மேனேஜர். வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டில் அக்கா மேல்கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு மேனேஜரிடம் திரும்பினேன்.

"சார், அது ஒரு டெக்னிக்கல் மிஸ்டேக்..."

"அதான் அந்தம்மா பண்ணிச்சே."

"இல்ல சார். ஒயரு தப்பான எடத்துல மாட்டியிருந்துச்சு."

"தானா போய் மாட்டிக்குமா?"

"நான்தான் சார் மாட்டுனேன்."

ஸ்டேட்டஸைக் காட்டினேன். சாமந்திக்குக் கீழே அந்த ஒயர் அழகாகத் தெரிந்தது. அதுவரை நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள், ஏழு பேர் இதயம் அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வகுப்பு வேற எடுத்தியேப்பா" என்றவர், மறுபடி காண்ட்ராக்டருக்குப் போன் போட்டு, வேறு ஆள் வேண்டாம் என்றார்.

நான் கேட்டுக்கு ஓடினேன். "மன்னிச்சிடுங்கக்கா, தப்பு என்னுதுதான். சார்கிட்ட சொல்லிட்டேன், நீங்க போவ வேணாம்" என்றேன்.

"தெரியும் சார். நீங்க சொருவுனத நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா யாரு நம்புவாங்க? நீங்க பாடம் எடுக்கறவரு."

அவர் கோட்டை உதறி மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றே அந்தத் தடுப்பு வசதியை இயக்கிவிட்டேன். சரியாக இரண்டு நிமிடம்தான் ஆனது. அக்கா இன்றும் எங்கள் ஆலையில்தான் இருக்கிறார், என்னிடம் நன்றாகவே பேசுகிறார். ஆனால் அந்த அறையை மட்டும் தனியாகப் பெருக்க மாட்டார். துடைப்பத்தோடு என் மேஜைக்கு வந்து நிற்பார்.

"வந்து பாத்துக்கினு நில்லுங்க சார். அப்பறம் நான் தொட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது."

நான் எழுந்து போய், அவர் பெருக்கி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.