ஆறாவது கிலோமீட்டரில் நின்ற வண்டி

கிரேக்க நாட்டின் அக்ராஃபா மலையில் ஆறு ஊர்களுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ் அசிமினா. நான் அதே ஊர்களுக்கு ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். எந்த மணிக்கு அவள் எந்தத் திருப்பத்தில் இருப்பாள் என்பது அவள் புருஷனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மோட்டார் சைக்கிள். பனி பெய்தால் சக்கரத்தில் சங்கிலி சுற்றிக்கொண்டு போவாளே தவிர, ஒரு நாள்கூட ஊசி போடாமல் விட்டதில்லை.

அந்த வசந்தத்தில் இன்ஜினிலிருந்து எண்ணெய் கசிய ஆரம்பித்தது. கீழே டவுனில் ஸ்தேர்கியோஸின் பட்டறையில் விட்டாள். அந்தப் பக்கத்தில் ஸ்தேர்கியோஸை மிஞ்சிய மெக்கானிக் இல்லை என்று பேர். அதை முதலில் சொல்வது அவரேதான். பத்து நாளில் வண்டியைத் திருப்பித் தந்தார். கசிவு நின்றுவிட்டது. அசிமினா டாங்கை நிறைய நிரப்பிக்கொண்டு மலை ஏறினாள். ஆறாவது கிலோமீட்டரில், சின்னக் கோயில் இருக்கும் வளைவில், வண்டி இருமி இருமி நின்றுபோனது.

எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரே உதையில் கிளம்பியது.

மறுநாள் பட்டறைக்குப் போனாள். ஸ்தேர்கியோஸ் வண்டியில் ஏறி சந்தைத் திடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். மூன்று நிமிஷம்கூட இருக்காது. வண்டிக்கு ஒன்றுமில்லை, பெட்ரோல் கெட்டது என்றார். அடுத்த முறை பிளக்கை மாற்றினார். அதற்கடுத்த முறை இக்னிஷன் காயிலை மாற்றினார். ஒவ்வொரு முறையும் அதே மூன்று நிமிஷச் சுற்று. நான்காவது முறை, பட்டறையில் நாலைந்து ஆம்பளைகள் நிற்கையில், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சிஸ்டர், வண்டி நல்லாத்தான் இருக்கு. ஓட்டுற கைதான் சரியில்ல. வயசாகுதில்ல, ஒரு சின்னக் காரு வாங்கிக்குங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் லேசாகச் சிரித்தேன். அசிமினா என்னைத்தான் பார்த்தாள்.

அடுத்த வாரம்தான் அது நடந்தது. மேல் ஊரில் லாம்ப்ரோஸ் மாமா தனியாக இருக்கிறார். சர்க்கரை வியாதி, பார்வையும் மங்கல். காலையில் அசிமினா வந்து இன்சுலின் போட்ட பிறகுதான் சாப்பிடுவார். அன்று வண்டி வழியில் இரண்டு முறை நின்று, ஒவ்வொரு முறையும் கிளம்ப முக்கால் மணி எடுத்தது. ஒன்றரை மணி நேரம் தாமதம். மாமா காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, தானே ஊசியை எடுத்துத் தடவித் தடவி அளந்து போட்டுக்கொண்டார். அளவு இரண்டு மடங்காகிவிட்டது. அசிமினா போனபோது அவர் சமையலறைத் தரையில், உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்ந்து, நினைவு தப்பிக் கிடந்தார். குளுக்கோஸ் ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் கண் திறக்கும் வரை கையை விடவில்லை. அவர் கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: “வழியில உனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?”

அங்கே தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. கெட்டியான பாட்டிலில் மருந்து இறங்க வேண்டுமானால், காற்று உள்ளே போக இன்னொரு ஊசி குத்த வேண்டும். குத்தாவிட்டால் கொஞ்சம் இறங்கிவிட்டு நின்றுவிடும். வண்டி நின்ற இடங்களை அவள் ஏற்கனவே நோயாளிகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். டாங்க் நிறைய இருந்த நாட்களில் ஆறாவது கிலோமீட்டர். பாதி இருந்த நாட்களில் இருபதுக்கு மேல். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய, சீக்கிரம் நிற்கிறது. திரும்பும் வழியில் வண்டி நின்றதும் உதைக்கவே இல்லை. டாங்க் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது. முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

டாங்கின் அடியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் இறங்கும். காற்று போவது அதன் வழியாகத்தான். ரிப்பேர் முடிந்து டாங்கைத் திரும்ப மாட்டும்போது ஸ்தேர்கியோஸ் அதை வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் டாங்குக்கும் நடுவே வைத்து நசுக்கியிருந்தார்; காத்திருந்தால்தான் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போகும். பிளக்கும் காயிலும் எதற்கு மாற்றினார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அசிமினா அதைச் சரிசெய்யவில்லை. அப்படியே விட்டு, டாங்கை விளிம்பு வரை நிரப்பி, பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள்.

“என் கைதான சரியில்ல? உங்க கையால மேல் ஊர் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. நான் பின்னாடி ரொட்டி வண்டில வர்றேன்.”

அதே ஆம்பளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லாமல் அவர் ஏறினார். சின்னக் கோயில் வளைவில் வண்டி இருமியது, நின்றது. உதைத்தார். சட்டை நனைய உதைத்தார். அசிமினா இறங்கிப் போய் மூடியைத் திறந்தாள். உஸ் என்ற சத்தம் என் வண்டி வரை கேட்டது.

அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம் வெளுத்துவிட்டது. “டாங்க கழட்டிச் சரி பண்ணிடறேன் சிஸ்டர், கீழ போலாம்” என்றார்.

“இல்ல. மேல போறோம்.”

வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து, மீதிப் பதினாலு கிலோமீட்டரும் அவரையே ஓட்ட வைத்தாள். லாம்ப்ரோஸ் மாமா விஷயம் தெரியாமல் நாற்காலி போட்டு, திராட்சைச் சாராயம் ஊற்றி வைத்தார். ஸ்தேர்கியோஸ் தொடவில்லை.

“நீங்க ஏன் தரையில கிடந்தீங்கன்னு இவரு சொல்லுவாரு மாமா. நான் சொல்ல மாட்டேன்” என்றாள் அசிமினா.

ஸ்தேர்கியோஸ் சொன்னார். குழாயைப் பற்றிச் சொன்னார். பாராமல் மாட்டியதைச் சொன்னார். பட்டறையில் தான் சொன்ன கிண்டலை மட்டும் விட்டுவிட்டார். அதை நான் சொன்னேன், நான் சிரித்ததையும் சேர்த்து.

மாமா மங்கிய கண்ணை அவர் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்: “நாலு தடவ வந்து சொல்லியிருக்கா. ஒரு தடவகூட இந்த மலை மேல ஓட்டிப் பாக்கத் தோணலையாப்பா?”

அசிமினா வாசலில் டாங்கைக் கழற்றி, நசுங்கிய குழாயை விடுவித்து, தானே மாட்டினாள். உதவிக்குக் குனிந்த ஸ்தேர்கியோஸிடம் ஸ்பேனரைத் தரவில்லை. அவர் என் ரொட்டி வண்டியில்தான் கீழே வந்தார்.

வண்டி அதன் பிறகு நிற்கவில்லை. ஸ்தேர்கியோஸ் இன்றும் காப்பிக்கடையில், மலை ரோட்டின் குலுக்கலில் குழாய் தானாக நகர்ந்திருக்கும் என்கிறார். நான் அங்கே இருந்தால் உடனே மறுத்துச் சொல்கிறேன். இல்லாதபோது என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.