மச்சான் பிடித்த கயிறு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். துறைமுகத்தில் சரக்குக்குப் பேப்பர் பார்க்கிற வேலை, கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எல்லாம் அப்பாவால் வந்தது. போன வருஷம் நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையானதும், அவருக்குத் தன் பூட்டன் இஞ்ஞாசியைப் பற்றிய கவலை பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரன் காலத்தில் முத்துக் குளிக்கப் போனவர், திரும்பவில்லை. கல்லறைத் திருநாளுக்குக் குடும்பத்தில் எல்லோருக்கும் மெழுகுதிரி ஏற்றுகிறோம், அவருக்கு மட்டும் ஏற்றுவதற்கு ஓர் இடம் கிடையாது. "அவர எங்கன வச்சிருக்குன்னு தேடுலே, நான் போறதுக்குள்ள தேடு" என்று தினமும் பிடுங்கி எடுத்தார்.

தேடினேன். மாதா கோயிலில் கேட்டேன், அடக்கம் செய்ததற்கான அடையாளமே இல்லை. கடைசியில் மணப்பாட்டில் இருக்கிற தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்னார்: "எங்க வீட்டுல சொல்லிக் கேட்டதுதான் தம்பி. குளிக்கிறவன் இடுப்புக் கயித்த அவன் பொண்டாட்டிகூடப் பிறந்தவன்தான பிடிக்கணும்? அன்னைக்கு மச்சினனுக்குக் காய்ச்சல். யாரோ பிடிச்சிருக்கான். கயிறு மட்டும் மேல வந்துச்சாம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான், அதனால் மச்சினன் கையில் கயிறு இருந்தால் கீழே போனவனுக்குப் பயமில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அங்கனயே ஒரு கல்லு வையிங்கலே. கல்லறைன்னு ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.

என் தங்கச்சி மெர்சியின் வீட்டுக்காரர் ரொசாரியோ திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். கடலடியில் அந்தக் காலத்தில் முத்துச்சிப்பி எடுத்த பாறைத்திட்டு எங்கே என்று அவருக்குத் தெரியும். மெர்சி அப்போது நிறைமாசம். அவள் ஒரே பிடியாக நின்றாள். "எங்கண்ணன் கயிறு பிடிச்சா போங்க. வேற யாரு பிடிச்சாலும் நான் விட மாட்டேன்" என்றாள்.

அப்படித்தான் போனோம், நானும் ரொசாரியோவும் மட்டும். நல்ல வெயில், காற்று இல்லை, கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. சிலுவை கொத்தின ஒரு சின்னக் கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, காற்றுக்குழாய் எதுவும் இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். "ரெண்டு தடவ சுண்டுனா இழுங்க மச்சான்" என்றார்.

கயிறு ஓடியது, நின்றது. கல்லை வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ரெண்டு சுண்டு, சுத்தமாக. இழுத்தேன். நம்பினால் நம்புங்கள், அப்படி ஒரு கனம். ரொசாரியோ ஒல்லி ஆள், ஆனாலும் என் தோள்பட்டை பிய்ந்துவிடும்போல் இருந்தது. மாதாவே மாதாவே என்று இழுத்தேன். படகு என் பக்கமாகச் சரிந்து தண்ணீர் உள்ளே தளும்பியது. விளிம்பு வரைக்கும் கனம் வந்தது, விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று ஒன்றுமில்லை. நான் மல்லாக்க விழுந்தேன். என் மடியில் கயிறு கிடந்தது. இடுப்பில் கட்டின வளையம் அவிழாமல், முடிச்சு இறுகினபடி, காலியாக.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. தள்ளி, படகுக்கு ரொம்பத் தள்ளி, ஒரு தலை எழும்பியது. ரொசாரியோ. உதடு நீலம் பாய்ந்து, மூக்கில் ரத்தம். மோட்டாரைப் போட்டுப் போய் அள்ளி எடுத்தேன். கரை வரும்வரை அவர் படகுக்குள் சுருண்டு கிடந்தார். படகு என்னவோ வழக்கத்தைவிடத் தாழ்ந்தே வந்தது. உள்ளே புகுந்த தண்ணீரை மொண்டு ஊற்றின பிறகும்தான்.

"கல்லு வச்சாச்சா?" என்று அப்பா கேட்டார். "வச்சாச்சு மாமா" என்றார் ரொசாரியோ. அன்றைக்கு அப்பா நிம்மதியாகத் தூங்கினார், அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கும்போதுதான் ரொசாரியோ சொன்னார். "நான் அவுக்கல மச்சான். கல்ல வச்சிட்டு நிமிந்தேன். இடுப்புல ஒரு கை. முடிச்ச நிதானமா அவுத்துச்சு, அவசரமே படல. அப்புறம் கயிறு மேல போவுது, நான் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

"மேல வந்தப்ப முடிச்சு இறுகிக் கெடந்துச்சே, அப்ப யாரு போனா?" என்று கேட்டேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அப்புறம் அவர் என்னைக் கடலுக்குக் கூப்பிட்டதே இல்லை.

நான் இழுத்தது யாரை என்று எனக்குத் தெரியாது. இழுத்துக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம் என் தங்கச்சி புருஷன் கயிறில்லாமல் கீழே நின்றார் என்பது மட்டும் தெரியும். மெர்சிக்கு இது எதுவும் தெரியாது. கயிறு நழுவப் பார்த்தது, நான் விடாமல் இழுத்து ஏற்றிவிட்டேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாகச் சொல்லுவாள்: "எங்கண்ணன் கயிறு பிடிச்சதுனாலதான் அன்னைக்கு அவிய உசுரோட வந்தாவ."

அவள் சொல்லும்போது ரொசாரியோ எழுந்து வெளியே போய்விடுவார். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.