கோள் சொன்ன வெளிச்சம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் பௌதிகவியல் படிப்பித்த டியூட்டரியின் அதிபருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது: பெரிய விஞ்ஞானம் தமிழில் ஏறாது. மாதம் ஒருமுறை நான் தமிழில் நடத்திவந்த பொது விஞ்ஞானக் கூட்டத்தை இனி ஆங்கிலத்தில் நடத்தும்படி சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த முறை ஆகக் கஷ்டமான விஷயத்தைத் தமிழில சொல்லுறன். வாற சனத்தில ஒராளாவது அதைத் தன்ர சொல்லில திருப்பிச் சொன்னால் கூட்டம் தமிழிலேயே நடக்கட்டும்."

"ஓம், பாப்பம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத கோளைக் கண்டுபிடிப்பது எப்படி?" என்று நோட்டீஸ் எழுதி, பாமன்கடை வரைக்கும் ஒட்டினேன். ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் இருக்க இடமில்லை. யுத்தகால ஆமி செக்பொயின்ற் எல்லாம் தாண்டி வானியலுக்கு இவ்வளவு சனமா என்று பூரித்துப் போனேன்.

முன்வரிசையில் இருந்தவர், அறைகளை வாடகைக்கு விடும் ஓர் அன்ரி. "பிள்ளை, என்ர வீட்டில இருக்கிற பெடியளைப் பற்றி ஆரோ பொலிசில கோள் சொல்லிப்போட்டினம். ஆரெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? கெதியாச் சொல்லும்."

மண்டபமே தலையாட்டியது. கோள்மூட்டிகளைப் பிடிக்க வந்த கூட்டம் அது! கடைசி வரிசையில் அதிபர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"அன்ரி, இது வானத்தில இருக்கிற கோள். கொஞ்சம் இருந்து பாருங்கோ."

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, சுவரில் டோர்ச் அடித்தேன். அதுதான் தூரத்து நட்சத்திரம். அதற்கு முன்னால் பூதக்கண்ணாடியை மெல்ல நகர்த்தினேன். சுவர் வெளிச்சம் பெருகி, பிறகு குறைந்தது. குறுக்கே போகும் இன்னொரு நட்சத்திரத்தின் ஈர்ப்பும் இப்படித்தான் ஒளியை வளைத்துக் கூட்டும் என்றேன். கண்ணாடியின் ஓரத்தில் நான் ஒட்டிவைத்திருந்த சின்னப் பளிங்கு மணியும் சுவரில் ஒரு மினுக்கம் காட்டிவிட்டுப் போனது.

"அந்தக் குட்டி மினுக்கம்தான் கோள். குறுக்கால போன நட்சத்திரத்தைச் சுத்துறது. இப்பிடிச் சிலதைப் பிடிச்சிட்டாங்கள்."

"முகில் மறைச்சால்?" என்றார் அன்ரி.

"அதுக்குத்தான் விண்வெளியில தொலைநோக்கி வைக்க யோசிக்கினம். அங்க முகிலும் இல்லை, வெளிச்சத்தைக் கலைக்கக் காத்தும் இல்லை."

அன்ரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"அப்ப கோளுக்கு வெளிச்சமே தேவையில்லை. பின்னால நிக்கிற நட்சத்திரத்தின்ர வெளிச்சம் கூடிக் குறையேக்க, அந்த வெளிச்சமே ஒரு சின்ன மினுக்கத்தால இதைப் பற்றிக் கோள் சொல்லிப்போடும். அப்பிடித்தானே?"

"ஓம் அன்ரி! அதேதான்!" நான் கத்தியே விட்டேன். மண்டபம் கைதட்டியது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்ட பின்னேரம் வேறில்லை.

அன்ரி இன்னும் உட்காரவில்லை. "நல்ல கோள், பிள்ளை. இதால ஒருத்தற்ர பிள்ளையையும் பொலிஸ் கொண்டுபோகாது."

கைதட்டல் நின்றுவிட்டது. அதிபர் எழுந்து வந்து லைற்றைப் போட்டார்.

"டீச்சர், அடுத்த மாச நோட்டீசை ஒட்ட முதல் எனக்குக் காட்டுங்கோ" என்றார். "தமிழில எழுத்துப்பிழை வரக்கூடாது."